தாழையன் ஏன் கயிற்றை விட்டான்?

சேசு மரி சூசை துணை

தெரேஸ்புரம்,
தூத்துக்குடி.
4-5-2025, ஞாயிறு

என் பாசத்துக்குரிய மருமகள் ஸ்டெபிக்கு மாமா கிருபை ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

எல்லாம் நான் முன்னமே சொன்னேன். நேற்று ஏழரை மணிக்கு உங்கள் ‘கருநீர்க்கோட்டை’ தொடரில் தாழையன் கயிற்றை விட்டானே, அவன் விடுவான் என்று மூன்று வாரத்துக்கு முன்பே வன்னியபெருமாள் அண்ணாச்சி டீக்கடையில் நாற்பது பேர் கேட்கச் சொன்னேன். பதினைந்து பேர்தான் இருந்தார்கள் என்று அண்ணாச்சி சொல்வார். அவர் டீ குடித்தவர்களை மட்டும் எண்ணுகிற ஆள்.

உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்துவிட்டது. இனிமேல் ஞாயிறுதோறும் ஆபீஸ் போனில் இருந்து வீட்டுக்கு மட்டும்தான் பேசுவாயாம், உன் அம்மா சொன்னாள். சரி, என் கையெழுத்துக்கு வேலை வந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்புதான். ஆனால் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்துக் காலேஜுக்குச் சமம்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஐஸ் கம்பெனியில் எனக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஆம்பளைகள் மொத்தமும் வீட்டில் இருப்பதால் உங்கள் தொடரைப் பார்க்காத ஆள் இல்லை. என் மருமகள் எழுதுகிற தொடர் என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். மூன்று பேர் சேர்ந்து எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை. அது எதற்கு?

நேற்று உன் வீட்டில்தான் பார்த்தோம். நீராழன் முத்து எடுக்கக் கருநீருக்குள் இறங்குகிறான். படகில் கயிறு பிடித்திருப்பது அவன் மனைவியின் தம்பி தாழையன். போன வருஷம் முழுக்க அந்தக் கயிற்றைப் புயலிலும் விடாதவன், நாகம் படகைச் சுற்றியபோதும் விடாதவன். அவன் ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு கையையும் திறக்கிறான்! கயிறு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறது. அவ்வளவுதான், பெயர் போட்டுவிட்டீர்கள்.

உன் அம்மா, “அட பாவி! கூடப்பொறந்தவ தாலியவே அறுத்துட்டானே!” என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள். நல்ல காதை டி.வி. பக்கம் திருப்பி வைத்திருந்த உன் அப்பா, கொசு வருகிறது என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

அவள் கத்தியதில் தப்பில்லை. கடலுக்குள் முக்குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும், அவன்தான் தன் அக்காளைத் தானே அறுதலியாக்க மாட்டான் என்பது நம் கடற்கரைக் கட்டுப்பாடு. அதை நம்பித்தானே ஒருவன் அடியில் இறங்குகிறான்?

இன்று பூசை முடிந்து டீக்கடைக்குப் போனால் அங்கே பெரிய கோர்ட்டே நடக்கிறது. அண்ணாச்சி, “ஏலே கிருபை, அது தாழையனே கெடையாது. மந்திரவாதி அவன் உருவத்துல வந்து உக்காந்திருக்கான். போன வாரம் கடுக்கன் எடது காதுல கெடந்துச்சு, நேத்து வலது காதுல. கவனிச்சியா?” என்றார்.

மீன்கார சந்தனமாரி கூடையை இறக்காமலேயே, “மந்திரமாவது மாயமாவது! அத்தான் போயிட்டா கோட்டைச் சாவி ஆருக்கு? மச்சானுக்கு. ஆம்பளைக புத்தி எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள்.

நான் மெல்லச் சிரித்து, “எனக்கு உண்மை தெரியும். சொல்ல மாட்டேன். எழுதுதவ எம் மருமவ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் உண்மை என்ன என்று உடனே எழுதி அனுப்பவும். தெரியும் என்று சொல்லிவிட்டேன். மாமாவின் மானம் உன் கையில்.

இப்படிக்கு,
உன் மாமா,
கிருபை


வடபழனி, சென்னை.
8-5-2025

பாசமுள்ள மாமாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. கையால் எழுதிய கடிதம் என்று ஆபீசில் இரண்டு பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் பக்கத்தில் டீ கொட்டியிருந்ததையும் சேர்த்துத்தான்.

அண்ணாச்சியிடம் சொல்லுங்கள், கடுக்கன் மாறியது மேக்கப்காரர் செய்த தவறு. ஆனால் அதை வைத்துத்தான் ஊர் முழுக்க ‘மந்திரவாதி’ என்று வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பகுதியில் எழுத்து என்று என் பெயர் மட்டும் வந்தது, பார்த்தீர்களா? ஒரே ராத்திரியில் நாலாயிரம் பேர் திட்டினார்கள். என் போட்டோவைத் தேடிப் பிடித்துக் கொம்பு வரைந்திருக்கிறார்கள். கொம்பு கூடப் பரவாயில்லை. ‘மச்சான் கயிற்றை விடுவானா? கடற்கரைப் பக்கமே போகாத எவளோ எழுதியிருக்கிறாள்’ என்று ஒருவர் எழுதினார். தெரேஸ்புரத்தில் பிறந்தவளைப் பார்த்து! விடிந்ததும் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மாமா, ஒன்று சொல்கிறேன், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். தாழையன் நீங்கள்தான். அவன் பேச்சு, பெருமை, சிரிப்பு எல்லாம் உங்களுடையது. நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அப்பா சங்கு குளிக்கப் போனதும், நீங்கள் கயிறு பிடித்ததும், கயிறு அறுந்ததும், நீங்கள் குதித்து அப்பாவைத் தூக்கி வந்ததும் கேட்டு வளர்ந்தவள் நான். ஜனங்களுக்கு அவனை அவ்வளவு பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காட்சியை எழுதும்போது அவன் கை திறந்துவிட்டது. நான் திட்டம் போடவில்லை. எழுதி முடித்துப் படித்தபோது, இது சரி, இதை மாற்றக் கூடாது என்று மட்டும் பட்டது. ஏன் விட்டான் என்று எனக்கே தெரியாது. அதுதான் இப்போது என் கழுத்தில் கத்தி. அடுத்தது கடைசிப் பகுதி, ஜூனில்தான் வருகிறது, அதை இன்னும் படம் பிடிக்கவில்லை. ஒன்று, மே முப்பதுக்குள் ஜனங்கள் நம்புகிற ஒரு காரணத்தை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மந்திரவாதிதான் என்று வேறு ஆளை வைத்து எழுதி முடித்துவிடுவார்களாம். அதோடு எனக்கும் இங்கே வேலை முடிந்தது.

மந்திரவாதி வேண்டாம் மாமா. விட்டவன் தாழையனே என்று இருக்க வேண்டும். அவன் கெட்டவனாகவும் ஆகக் கூடாது. அப்படி ஒரு காரணம் உலகத்தில் உண்டா? உங்களுக்குத் தெரிந்து யாராவது கயிற்றை விட்டிருக்கிறார்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
ஸ்டெபி

பி.கு.: அம்மா கொடுத்துவிட்ட மக்ரூன் வந்தது. பாதி பொடியாக வந்தது. பொடியையும் தின்றேன்.


சேசு மரி சூசை துணை

தெரேஸ்புரம்.
13-5-2025

அன்பு மருமகளுக்கு,

தாழையன் நான்தான் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். அந்த நடிகனுக்கு என் அளவுக்குத் தோள் இல்லை, அது ஒன்றுதான் குறை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். அவர் கடைக்கு வந்தவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

உனக்குக் காரணங்கள் அனுப்புகிறேன், எடுத்துக்கொள். ஒன்று: நாகத்தின் மூச்சுப் பட்டுத் தாழையனுக்குக் கை மரத்துப்போகிறது. எனக்கே ஐஸ் கம்பெனியில் அப்படி ஆகும். அடுத்தது: நீராழனே அடியில் இருந்து ‘விடு’ என்று ரகசியச் சமிக்ஞை கொடுக்கிறான், ஏனென்றால் கீழே இன்னொரு ராஜ்ஜியம் இருக்கிறது, அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம். (இது சந்தனமாரி சொன்னது. அவள் எதைத் தொட்டாலும் இன்னொரு குடும்பத்தில்தான் போய் நிற்பாள்.) இல்லாவிட்டால் தாழையன் நாகத்தின் மகன், அவனுக்கே தெரியாது. இது முழுக்க என் மூளை. உன் முதலாளியிடம் சொன்னால் உனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பார்.

மற்றபடி, யாராவது விட்டிருக்கிறார்களா என்று கேட்டாயே. கிடையாது. இந்தக் கடற்கரையில் கயிறு பிடித்த மச்சான் கையை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. எழுதி வைத்துக்கொள்.

என்னையே எடுத்துக்கொள். தொண்ணூற்றேழு, பங்குனி மாதம். முயல்தீவுக்குக் கிழக்கே பார் மேல் படகு நிற்கிறது. கடலுக்கடியில் பாறை உள்ள இடத்தைத்தான் பார் என்கிறோம் என்று உன் ஆபீஸ்காரர்களுக்குச் சொல். அத்தான் இறங்குகிறார். என் கையில் கயிறு. திடீரென்று கயிறு விறைக்கிறது. அடியில் ஒரு திருக்கை, நம் கோயில் கதவு அகலம் இருக்கும், வாலைப் போட்டுக் கயிற்றைச் சுற்றி இழுக்கிறது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். உள்ளங்கைத் தோல் மொத்தமும் உரிந்து கயிற்றோடு போய்விட்டது. நான் விடவில்லை. கடைசியில் கயிறுதான் தோற்றது, பட்டென்று அறுந்தது. வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு குதித்து, அத்தான் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தேன். ஒரு காது போனது, உயிர் மிஞ்சியது. என் அக்காள் அமலோற்பவம் ஏழு மாதச் சூலி. நீ அப்பாவைப் பார்த்தது இந்தக் கையால்.

இதை அப்படியே எழுது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

உன் அப்பா இப்போதெல்லாம் சாயங்காலம் துறைமுக ரோட்டில் நடக்கப் போகிறார். நானும் கூடப் போகிறேன். நான் பேசுகிறேன், அவர் நடக்கிறார். உன் தொடரைப் பற்றிக் கேட்டால், “ஸ்டெபி எப்படி முடிக்காளோ பாப்பம்” என்கிறார்.

இப்படிக்கு,
மாமா கிருபை


வடபழனி.
17-5-2025

அன்பு மாமா,

நாகத்தின் மகன் யோசனையைக் கூட்டத்தில் சொன்னேன். ஒருவர் நிஜமாகவே குறித்துக்கொண்டார். பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

கோபப்படாதீர்கள், ஒரு சின்னக் குறை. நான் ஆறாவது படிக்கும்போது கயிற்றை அறுத்தது சுறா. பத்தாவதில் பாறை விளிம்பு. இப்போது திருக்கை. கத்தி இந்தத் தடவைதான் வருகிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுக் கதை கிடைத்தது. அப்பாவிடம் கேட்டால், “மாமாட்ட கேளு, அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்று சொல்லிவிடுவார்.

போன மாதம் மேக்கப்காரர் என்னிடம் வந்து, “தாழையன் உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி இருக்கும்?” என்று கேட்டார். கண்ணை மூடி உங்கள் கையை நினைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன்! தழும்பு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்கள் விருப்பம் போல் வரைந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாமா, நான் களைத்துவிட்டேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள். பதினோரு காரணம் எழுதிப் பார்த்தேன், ஒன்றைக்கூட நானே நம்பவில்லை. மந்திரவாதியே என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு கப்பல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், சிநேகிதி சொன்னாள். பில் எழுதுகிற வேலை. அங்கே யாரும் ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டார்கள்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

ஸ்டெபி


சேசு மரி சூசை துணை

தெரேஸ்புரம்.
22-5-2025, வியாழன்

என் மருமகள் ஸ்டெபிக்கு,

உன் கடிதத்தை நேற்றில் இருந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று டீக்கடைக்குப் போகவில்லை. அண்ணாச்சி ஆள் விட்டுக் கேட்டார், உடம்புக்கு என்ன என்று.

கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போடாதே. உனக்கு ஒரு காரணம் தருகிறேன். இதில் திருக்கை இல்லை.

அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது. காற்றே இல்லை. அத்தான் இறங்கினார். படகில் நான், இன்னும் மூன்று பேர். அதற்கு முந்தின வாரம் நான் காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரே பெரிய தட்டில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டை நான் ஒற்றை ஆளாகக் காலி பண்ணினேன் என்று அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆளாக இல்லை, எங்கள் தட்டில் ஐந்து பேர். விடு. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மெல்வின் என்று ஒருவன், எதற்கும் சிரிக்காதவன், அவனே சிரித்துவிட்டான். எனக்கு அதில் தலைகால் புரியவில்லை. “தட்டு எம்புட்டு இருக்கும்லே?” என்று கேட்டான். “இம்புட்டு!” என்று சொல்லி இரண்டு கையையும் விரித்தேன்.

அவ்வளவுதான் ஸ்டெபி. கையை விரித்தேன்.

கயிறு ஓரத்தில் உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கடைசி முழம் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தேன். குதிக்கவில்லை. அத்தான் என்று கத்தினேன், அது மட்டும்தான் செய்தேன். அவர் தானாகத்தான் வந்தார், படகுக்கு வெகுதூரம் தள்ளி. கயிறு தளர்ந்ததும் பதறிப்போய் ஒரே மூச்சாக மேலே வந்திருக்கிறார். காதில் ரத்தம். தூக்கிப் படகில் போட்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை, “கயிறு அறுந்துட்டு அத்தான்.” மற்ற மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றுவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவர் கடலுக்குள் இறங்கவில்லை. நானும் கயிறு பிடிக்கவில்லை. சுறாவும் பாறையும் ஏன் வந்தன என்று உனக்கு இப்போது தெரியும்.

தாழையனுக்கு மந்திரமும் இல்லை, கோட்டைச் சாவி ஆசையும் இல்லை. அவனுக்கு அந்த நேரம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் மூன்று பேர் சிரித்தார்கள். கையில் ஒரு உயிர் இருப்பது ஒரு நொடி மறந்துபோயிற்று. அவன் நல்லவன்தான், மருமகளே. அதனால்தான் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. இதை எழுது. திட்டுகிறவர்கள் திட்டட்டும். படகேறிய ஒருத்தன் இதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வான்.

உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் துறைமுக ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். நல்ல காதுப் பக்கமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றார். கடலைப் பார்த்தார். என் தோளில் கையைப் போட்டு, “ஏலே, எனக்குத் தெரியும்லே. கயிறு முழுசா எம் இடுப்புலதான கெடந்துச்சு? அறுந்த கயிறுன்னா நுனி பிஞ்சிருக்கும்லா. சொல்லியிருந்தா ஒங்க அக்கா ஒன்ன வீட்டு வாசல் மிதிக்க விட்டிருப்பாளா? ஒருத்தரும் இல்லாம நான் ஆருகூட நடக்கதுக்கு?” என்றார். எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக. அவருக்கும். அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது. ரோட்டில் போன லாரிக்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஸ்டெபி, மேலே உன் அப்பா பேசியதாக எழுதியது என் கற்பனை. லாரிக்காரரும் இல்லை. அவரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நேற்று நடந்தோம், ஐஸ் விலையைப் பற்றிப் பேசினோம், திரும்பி வந்தோம். கயிறு முழுசாக அவர் இடுப்பில் கிடந்தது என்பது மட்டும் உண்மை. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று இருபத்தெட்டு வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் இப்படிச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் இன்னொரு தாளில் எழுதினால் இன்னும் நன்றாகக் கதை கட்டிவிடுவேன்.

இது விரைவுத் தபாலில் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிறு நீ வீட்டுக்குப் போன் பண்ணுவாய். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றேதான் இதை முதலில் தபாலில் சேர்க்கிறேன், பிறகு பின்வாங்க முடியாது. சேர்த்த கையோடு உன் வீட்டுக்குத்தான் நடக்கப் போகிறேன்.

அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதே. அவரிடமே கேள்.

உன் மாமா,
கிருபை